அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போன காற்றாலை

துணி கிளிப் தொழிற்சாலையின் காற்றாலை, அதை நிறுவுவதா வேண்டாமா என்று முடிவாவதற்கு முன்பே சுற்ற ஆரம்பித்துவிட்டது. அன்று திங்கட்கிழமை. காலை ஷிஃப்டுக்கு வந்த பெண்கள் முற்றத்துச் சிமென்ட் தரையில் மூன்று நீளமான நிழல்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்தார்கள். அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம். நல்ல உயரத்தில், எதன் மேலும் இல்லாமல், ஒரு காகம் மட்டும் சௌகரியமாக உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதால் அவர்கள் நிழல்களைத் தாண்டித் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். பிந்தி வந்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் சூப்பர்வைசர் இருக்கும் இடத்தில், வானத்தைப் பார்க்க எவ்வளவு நேரம்தான் ஒதுக்க முடியும்.

துணி காயப்போடும்போது கொடியில் மாட்டுகிற கிளிப்தான் அங்கே செய்தார்கள். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி அச்சில் அழுத்தும் இயந்திரங்கள் ஒரு கொட்டகையில் வரிசையாக நின்றன. அடுத்த கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து, இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஸ்பிரிங்கைச் சொருகி, ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கூடையில் போடுவார்கள். விரலைக் கடிக்காத கிளிப் நல்ல கிளிப் இல்லை என்பது அவர்களுக்குள் சட்டம். கரன்ட் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கரன்ட் போனால், உருகிய பிளாஸ்டிக் இயந்திரத்தின் தொண்டையிலேயே இறுகிவிடும். அதைச் சூடுகாட்டி, கம்பியால் குத்திச் சுரண்டி எடுப்பதற்குள் பாதி நாள் போய்விடும். அந்த ஊரில் கரன்ட் போவதற்கு மழை வர வேண்டும் என்றில்லை, மழை வரலாம் என்று யாராவது சொன்னாலே போதும். ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அது ஓடிய நேரத்தைவிட இருமிய நேரம் அதிகம்.

சுரண்டி எடுக்கும் வேலை எலெக்ட்ரிகல் இஞ்சினியருடையது. அவருக்கு டார்ச் பிடிப்பது முதலாளியின் மகள். அவள் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரன்ட் இல்லாத நேரத்தில் அவளுக்கு வேலை இல்லை, அவருக்கோ அப்போதுதான் வேலை. இருட்டுக் கொட்டகையில், இயந்திரத்தின் வாய்க்குள் தலையை விட்டிருக்கும் ஒரு மனிதருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேசாமல் நிற்பது. "இன்னும் கொஞ்சம் மேல காட்டுங்க" என்று ஆரம்பித்த பேச்சு, அடுத்தடுத்த மின்வெட்டுகளில் "சாப்பிட்டாச்சா" என்று வளர்ந்தது. ஒரு நீண்ட மின்வெட்டில் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்தது. அன்று கரன்ட் வந்தபோது டார்ச் வெளிச்சம் இயந்திரத்தின் பக்கமே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

முதலாளி நல்ல மனிதர், யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவருக்கு வராத ஒரே வேலை முடிவெடுப்பது. மாதக் கூட்டத்தில் யார் எதைக் கேட்டாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "நல்ல யோசனை. அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்பார். இன்றைக்கு என்ன சமைக்கட்டும் என்று வீட்டில் மனைவி கேட்டாலும் அதே பதில்தான். அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திராமல் அடுப்பைப் பற்றவைக்கப் பழகியிருந்தார். எப்போதாவது வாய் தவறிச் சரி என்று சொல்லிவிட்டால், அந்தச் சமாச்சாரம் கொள்முதல் பிரிவுக்குப் போய்க் கிணற்றில் போட்ட கல் ஆகிவிடும். கேன்டீன் மின்விசிறிக்கு அவர் சரி சொல்லி எத்தனையோ வருஷமாகிறது. அதற்கு அடித்த கொக்கியில் இன்றைக்கும் சமையல்காரரின் துண்டுதான் தொங்குகிறது. வேண்டாம் என்று அவர் துணிந்து சொன்னது பேக்கிங் கொட்டகையில் ரேடியோ வைப்பதை மட்டும்தான். மறுநாளிலிருந்து அது அங்கே பாடிக்கொண்டிருக்கிறது.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைக் கூட்டத்தில் இஞ்சினியர் காற்றாலை யோசனையைக் கொண்டுபோனார். ஒரு வருஷம் முழுக்கக் கூரைமேல் கம்பம் நட்டுக் காற்றை அளந்திருந்தார். பின்பக்க மைதானத்தில் ஒரே ஒரு காற்றாலை, அங்கிருந்து கேபிள் நேராக மெயின் போர்டுக்கு, இனி மின்வெட்டே கிடையாது. அதை அவர் விவரித்த விதம், மாப்பிள்ளை வீட்டார் பையனைப் பற்றிச் சொல்வதுபோலவே இருந்தது. நல்ல உயரம், அதிகம் சத்தம் போடாது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கிரீஸ் வைத்தால் போதும், வேறு எந்தச் செலவும் வைக்காது, கடைசிவரை உழைக்கும். இவர் காற்றாலையைத்தான் சொல்கிறாரா என்று மகளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"காத்துல துணி பறக்கக் கூடாதுன்னுதான் தம்பி நாம தொழில் பண்றோம். அதுகிட்டயே போய்க் கரன்ட் கேட்டா கொடுக்குமா?" என்றார் முதலாளி.

"நாம கேட்காமலே அது வீசிக்கிட்டுதான் சார் இருக்கு."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். அந்த யோசனை அவருக்கு உண்மையிலேயே பிடித்துப்போனது முகத்தில் தெரிந்தது. பிடித்ததனால் பயமும் கூடியது. "ரொம்ப நல்ல யோசனை" என்று ஆரம்பித்து, வழக்கமான இடத்தில் முடித்தார். அடுத்ததாக மகள் எழுந்து, மின்சாரம் பார்க்கிறவர் ஊருக்கு அந்தக் கோடியிலிருந்து வந்துபோகச் சிரமமாக இருப்பதால், காற்றாலைக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு சின்ன வீடு கட்டலாம் என்றாள். கிழக்குப் பார்த்த சமையலறை, பின்பக்கம் துணி காயப்போடக் கொடி என்றெல்லாம் வரைந்தே வைத்திருந்தாள். ஒரு தனி ஆளுக்கு எதற்கு இவ்வளவு பெரிய சமையலறை என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் ரொம்ப நல்ல யோசனை, அதுவும் அடுத்த கூட்டத்துக்குப் போனது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி, நம் பெண்ணுக்கு அந்த இஞ்சினியர் பையனையே முடித்துவிட்டால் என்ன என்று கேட்டார். முதலாளி கவளத்தைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த யோசனைதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது. "அந்தக் காத்தாலை விஷயம் முதல்ல முடியட்டும். இதை அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்றார்.

ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை நிழல் சுற்றியது.

அன்று மதியம் ஊர் முழுக்கக் கரன்ட் போனபோது தொழிற்சாலையில் ஒரு பல்புகூட இமைக்கவில்லை. இஞ்சினியர் மெயின் போர்டைத் திறந்து பார்த்தார். அவர் யோசனையில் சொல்லியிருந்த அதே பருமனில், அதே நிறத்தில் ஒரு கேபிள் போர்டிலிருந்து புறப்பட்டு, சுவரைத் தாண்டி, மைதானத்தில் கொஞ்ச தூரம் போய் அந்தரத்தில் முடிந்திருந்தது. முடிந்த இடத்தில் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது. சும்மா இருக்காமல் விரலையும் வைத்தார். அதற்கப்புறம் அவர் எதையும் சந்தேகப்படவில்லை.

ஆறு மாதம் ஆனதும் கிரீஸ் வைக்கும் முறை வந்தது. கட்டாவிட்டாலும் பராமரிப்பு பராமரிப்புதான் என்று இஞ்சினியர் ஹெல்மெட் போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டி, கிரீஸ் டப்பாவோடு மைதானத்துக்குப் போனார். காலால் துழாவி முதல் படியைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு படியாக ஆகாயத்தில் ஏறினார். பெல்ட்டின் கொக்கியை அவர் ஒன்றுமில்லாததில் மாட்டினார், அது டக்கென்று மாட்டிக்கொண்டது. மேலே போய்க் காகத்தை விரட்டிவிட்டு, கிரீஸ் வைத்து, வேர்த்துப்போய் இறங்கினார். கீழே நின்று பார்த்த பெண்கள் அன்றைக்கு அவருக்குக் காத்தாடி என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

பக்கத்துத் தெருவில் இருந்த ரிட்டையர்டு வாத்தியாருக்கு இதில் உடன்பாடில்லை. அவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் நேரத்தில் இறக்கைகளின் நிழல் பக்கத்தின்மேல் வந்து வந்து போனதால், ஒரு வரி தெரிந்தால் அடுத்த வரி தெரியவில்லை. மனு மேல் மனு போட்டார். கடைசியில் அதிகாரி ஒருவர் வந்து மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார். "இங்க ஒண்ணுமே இல்லையே சார். இல்லாததை எப்படி எடுக்கச் சொல்றது? நடந்து காட்டட்டுமா?" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு நிமிர்ந்த நடையில் போனவர், கோபுரத்தின் அடிப்பகுதியில் முட்டிக்கொண்டார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது. தொழிற்சாலையில் எந்தக் கட்டுமானமும் காணப்படவில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டு, கட்டுப் போட்டுக்கொள்ளப் போனார். வாத்தியார் அதன்பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஊருக்கு இதெல்லாம் வேடிக்கை. ஆனால் இரண்டு பேருக்கு வாழ்க்கையே அதில் மாட்டிக்கொண்டிருந்தது. காற்றாலை முடிவானால்தான் கல்யாணப் பேச்சு. காற்றாலையோ முடிவாகாமலே ஓடிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்த காத்தாடி ஒரு கூட்டத்தில் எழுந்தேவிட்டார்.

"சார், வேணும்னா வேணும்னு சொல்லுங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ஓடுதே தம்பி. ஓடுறதைப் போய் எதுக்கு..."

"உங்க வாயால ஒரு வார்த்தை சார்."

அவர் குரலில் இருந்தது மின்சாரம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. முதலாளிக்கும் மனம் இளகிவிட்டது. கண்ணாடியைத் துடைக்காமலே, "ச..." என்று வாயெடுத்தார். அவ்வளவுதான், குழல் விளக்குகள் மஞ்சளித்தன. கொட்டகையில் இயந்திரங்களின் சத்தம் தூக்கம் வருகிறவன் பேச்சுபோலக் குழறியது. நிழல் நிற்கிறது என்று முற்றத்திலிருந்து பெண்கள் கூவினார்கள். பதறிப்போய் முதலாளி, "வே..." என்று மாற்றிப் பார்த்தார். விளக்குகள் இன்னும் இறங்கின. "அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்று அவர் மூச்சு வாங்க முடித்ததும் எல்லாம் பளிச்சென்று எரிந்தது.

அப்போதுதான் விஷயம் எல்லோருக்கும் விளங்கியது. தள்ளிப்போட்டதால்தான் ஓடுகிறது, முடிவு செய்தால் நின்றுவிடும். பெண்கள் கூடிப் பேசி இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். தங்களுக்கு இன்னொரு கழிப்பறை வேண்டும் என்று முன்னொரு காலத்தில் கேட்டதும் அடுத்த கூட்டத்துக்குத்தான் போயிருந்தது. அதற்கப்புறம் அங்கே வரிசையே நின்றதில்லை. ஏன் என்று யாரும் யோசித்ததுமில்லை.

அன்றிலிருந்து முதலாளி எதற்கும் வாயைத் திறக்கப் பயந்தார். காற்றாலை ஒவ்வொரு கூட்டத்திலும் எடுக்கப்பட்டு, பத்திரமாக அடுத்த கூட்டத்துக்கு அனுப்பப்பட்டது. அதன் பின்னால் வீடு, அதற்கும் பின்னால் கல்யாணம். முன்னால் நிற்பவர் நகரவே நகராத வரிசை அது. போதாததற்கு, மின்வெட்டும் இல்லாமல் போய்விட்டது. மின்வெட்டு இல்லாவிட்டால் சுரண்டல் இல்லை, சுரண்டல் இல்லாவிட்டால் டார்ச் இல்லை. இரண்டு பேரும் தனியாக நின்று பேச ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தான் கண்டுபிடித்த யோசனையே தன் தலையில் மண்ணைப் போட்டதைக் காத்தாடி காகத்திடம் மட்டும் சொல்லிக்கொண்டார். மகள் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கொட்டகையின் ஃபியூஸைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பல்பு பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிட்டு, கிளிப் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். அந்த டார்ச்சில் பேட்டரி கசிந்து பச்சை பூத்தது. காத்தாடிக்குக் காதோரம் நரைத்தது. வேறு வரன்கள் வந்தபோது மகள் அப்பாவின் வாக்கியத்தையே எடுத்துச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

இப்படியே போயிருக்கும், ஒரு மழை வந்திராவிட்டால். மழை அதற்கு முன்னும் வந்திருக்கிறது. ஆனால் மகள் அன்றுதான் குடையோடு பின்பக்க மைதானத்துக்குப் போனாள். அனுப்ப வேண்டிய லாரி சேற்றில் மாட்டியிருந்தது. கோபுரத்துக்குப் பக்கத்தில் தொழிலாளிகளின் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. மேலே கூரை இல்லை, கொட்டுகிற மழையில் ஒரு சைக்கிள் சீட்டில்கூட ஈரம் இல்லை.

"சைக்கிளை ஏன் இங்க நிறுத்துறீங்க?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

"இங்க நனையாதும்மா" என்றார் அவர். "எப்பவும் இங்கதான் நிறுத்துறது."

அவள் குடையை மடக்கிவிட்டு, காய்ந்த தரையின் ஓரமாகவே நடந்தாள். நீளம் சரியாக இருந்தது. கிழக்குப் பக்கம் ஒரு சதுரம் வெளியே நீட்டியிருந்தது. ஒரு தனி ஆளுக்குப் பெரிதுதான் அந்தச் சமையலறை. அதில் வெல்டரின் சைக்கிள் நின்றது. அவள் கையை நீட்டினாள், ஜன்னல் கம்பி சில்லென்று பட்டது. வருஷக்கணக்காகத் தன் வீட்டுக் கூடத்தில் ஊரார் சைக்கிள் நிறுத்திக்கொண்டிருப்பதைத் தெரிந்துகொண்ட எந்தப் பெண்ணுக்கும் வரும் கோபம் அவளுக்கும் வந்தது. எல்லாவற்றையும் இப்போதே வெளியே எடுங்கள் என்று வாட்ச்மேனிடம் சொன்னாள்.

மழையில் நனைந்தபடியே போய்க் காத்தாடியை அழைத்துவந்தாள்.

"அப்பா சரின்னு சொன்னது எதாவது இந்த ஃபாக்டரிக்கு வந்து சேர்ந்திருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"தள்ளிப்போட்டது எதாவது நடக்காம இருந்திருக்கா?"

காத்தாடி மேலே சுற்றிக்கொண்டிருந்ததை அண்ணாந்து பார்த்தார், காலடியில் இருந்த காய்ந்த தரையைப் பார்த்தார். "அப்போ நம்ம கல்யாணம்?"

"அதைத்தான் சொல்றேன். செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க."

அவர்கள் குடிபோனது அப்படித்தான். அம்மா ஒரு துடைப்பமும் அடுப்பும் கொண்டுவந்து கொடுத்து, சமையலறையில் வெல்டரின் சைக்கிள் சிந்திய எண்ணெயைத் தேய்த்துக் கழுவினார். கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரியவில்லை, திறந்தால் தெரிந்தார்கள். அதுவரை யாரும் கதவைச் சாத்தாததால்தான் சைக்கிள்கள் தெரிந்துகொண்டிருந்தன என்பதும் விளங்கியது. கல்யாணத்தைப் பற்றிக் கேள்வி வரும் என்று இரண்டு பேரும் பயந்தது வீணாயிற்று. கேள்விக்குப் பதிலாகப் புகார்கள்தான் வந்தன. கல்யாணச் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் குறைச்சல் என்று சூப்பர்வைசர் சொன்னார். முதல் பந்தியிலேயே பாயசம் தீர்ந்துவிட்டதாக வெல்டர் நினைவுகூர்ந்தார். தன்னை வாசலில் ஒருவரும் வா என்று கேட்கவில்லை என்று வாத்தியார் இன்றுவரை முறுக்கிக்கொண்டிருக்கிறார். அத்தை ஒருத்தி, பத்திரிகை நேரில் வந்து வைக்கவில்லை என்று பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டாள். இவ்வளவு பேர் கோபித்துக்கொண்ட கல்யாணம் நடக்காமல் இருந்திருக்க வழியே இல்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

முதலாளி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். மைதானத்தில் வந்து நின்று தயங்குவார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்பா" என்று மகள் குரல் கொடுப்பாள். ஒன்றுமில்லாத இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வருவார். மாப்பிள்ளையோடு கிரீஸ் விலை பேசுவார், பேத்தி பிறந்த பின் பேத்தியோடு பேசுவார். மகளின் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கமாட்டார். அவர் சம்மதிக்கவில்லையோ என்ற முள் அவள் நெஞ்சில் இருந்துகொண்டே இருந்தது.

பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், ஒரு ஞாயிறு சாயங்காலம் மகள் கேட்டேவிட்டாள்.

"ஊரே எங்க கல்யாணத்துல சாப்பிட்டேன்னு சொல்லுதுப்பா. நீங்க மட்டும்தான் இன்னும் ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு தடவை, சரிம்மான்னு சொல்லுங்களேன். இந்த வீடு போனாலும் போகட்டும்."

காத்தாடி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைத்தது கண்ணாடியை அல்ல. மகளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷமாக அவருக்குச் சொல்லத் தெரியாத வார்த்தை இல்லை அது, சொல்லத் துணியாத வார்த்தை. "ச..." என்றார். மின்விசிறி வேகம் குறைந்தது. சுவர் மெலிந்து, அதன் வழியாகச் சாயங்கால வானம் தெரிந்தது. பேத்தி வரைந்து ஒட்டியிருந்த படங்கள் வெறும் காற்றில் நின்றன. தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்த குழந்தை தலையைத் தூக்கி, என் படம் விழப்போகுது தாத்தா என்றது.

முதலாளி படங்களைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "நல்ல யோசனைம்மா" என்றார். "எனக்கு இதைவிடப் பிடிச்ச யோசனை எதுவுமே வந்ததில்ல. அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்."

மின்விசிறி வேகம் பிடித்தது. சுவர் பழையபடி சுவராயிற்று. மகளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தன் அப்பாவிடம் இதைவிடப் பெரிய சம்மதம் கிடையாது என்பதும், அதை அவர் அந்தச் சனிக்கிழமை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே கொடுத்துவிட்டார் என்பதும் அவளுக்குப் புரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இன்றைக்கு இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், என்ன சமைக்கட்டும் என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

வெளியே காற்று பலத்திருந்தது, நிழல் மைதானத்தில் வேகமாக ஓடியது. துணி எடுக்கப் பின்பக்கம் போனாள். கொடி கண்ணுக்குத் தெரியவில்லை. குழந்தையின் சட்டைகளும் காத்தாடியின் வேட்டியும் அந்தரத்தில் படபடத்தன, ஒன்றும் பறக்கவில்லை. கிளிப்புகள் மட்டும் கொட்டகையில் செய்தவை. கடைசிக் கிளிப்பைக் கழற்றும்போது அது அவள் விரலை நன்றாகக் கடித்தது.